ஊர் மாறும் போதகரும் மாறாத உறவும்

எமது இல்லத்துக்கும் மெதடிஸ்த மிஷன் வீட்டுக்கும் நடுவே முன்னாளில் ஒரு கிடுகு வேலி இருந்தது. அவ்வேலியில் ஒரு பொட்டும் இருந்தது. கறிவேப்பிலைக்கும், அவசரத்துக்கு ஒரு சுண்டு அரிசிக்கும், காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மருந்து கேட்டும் இரு வீட்டாரும் அவ்வழியாற் போய் வருவர். நாம் சைவர், அவர்கள் கிறிஸ்தவர். அந்த வேற்றுமை அப்பொட்டில் நுழையும்போது எவர் தலையிலும் இடித்ததில்லை.

ஆனால் ஒன்று. வேலியின் இப்பக்கம் எம் பாட்டனார் காலந்தொட்டு ஒரே குடும்பம். அப்பக்கமோ நாலைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆட்கள் மாறுவர். ஒருநாள் காலையில் லொறி ஒன்று படலையடியில் வந்து நிற்கும். புத்தகப் பெட்டிகளும், பாயும் தலையணையும், பிள்ளைகளின் சைக்கிளும் ஏறும். போதகர் அம்மா எம் அன்னையாரின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்குவார். லொறி தெருமுனையில் மறையும். சில நாட்களில் வேறொரு லொறி வரும். வேறொரு குடும்பம் இறங்கும். எம் அன்னையார் தேநீர்ச் செம்புடன் பொட்டடிக்குப் போவார்.

மெதடிஸ்த போதகர் ஏன் ஓரூரில் நிலைத்திருப்பதில்லை? நன்றாகப் பழகி, ஊராரின் உள்ளத்தில் இடம்பிடித்த மனிதரை ஏன் பெயர்த்து வேறூருக்கு அனுப்புகிறார்கள்? சிறுவயதில் எமக்கு இது பெரும் அநியாயமாகவே தோன்றிற்று. ஆசிரியராகிச் சரித்திர நூல்களைப் புரட்டத் தொடங்கிய பின்னரே இதன் காரணம் விளங்கலாயிற்று. காரணம் விளங்கியதனால் மனத்தாங்கல் முற்றாகத் தீர்ந்ததா என்பதைக் கடைசியிற் சொல்வோம்.

குதிரைமேற் சென்ற குருமார்

இவ்வழக்கத்தின் வேரைத் தேடிப் போனால் 18-ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும். 1703-ல் எப்வொர்த் என்னும் ஊரிற் பிறந்த ஜோன் வெஸ்லி, இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர். 1739-ல் பிரிஸ்டல் நகரத்துக்கு வெளியே திறந்த வெளியில் நின்று நிலக்கரித் தொழிலாளருக்குப் பிரசங்கிக்கத் தொடங்கிய அவர், 1791-ல் இறக்கும்வரை ஓரிடத்தில் தங்கி இளைப்பாறினாரல்லர். ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மைல் பயணஞ் செய்தார் என்றும், நாற்பதினாயிரம் பிரசங்கங்கள் நிகழ்த்தினார் என்றும் கணக்கிடுவர். அப்பயணத்திற் பெரும்பகுதி குதிரைமேற் சென்றதாகும்.

தாம் நடந்த வழியிலேயே தம் உதவியாளரையும் அவர் நடத்தினார். 1744-ல் இலண்டனில் முதலாவது மாநாடு கூடிற்று. 1746-ல் நாடு முழுவதும் ஏழு சேகரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு சேகரம் என்பது ஒரு கோவில் அன்று. பல ஊர்களும் பல சபைகளும் அடங்கிய ஒரு சுற்று. போதகர் அச்சுற்றில் ஊரூராகச் செல்வார். சில மாதங்கள் கழிந்ததும் வேறொரு சேகரத்துக்கு மாற்றப்படுவார்.

வெஸ்லி இதற்குச் சொன்ன நியாயம் சுவையானது. ஓராண்டு முழுவதும் ஒரே இடத்திற் பிரசங்கிக்க நேர்ந்தால் தாமும் உறங்கிச் சபையையும் உறங்கவைத்து விடுவதாக, 1756-ல் ஒரு குருவானவருக்கு அவர் எழுதினார். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று நம்மவர் சொல்வதும் இதுவே. எந்த ஒரு போதகரிடமும் எல்லாத் திறமையும் இராது. ஒருவர் உறங்குவோரை எழுப்ப வல்லவர். வேறொருவர் எழுந்தவரை நடத்த வல்லவர். ஆகவே சபைக்குப் பலர் வேண்டும் என்பது வெஸ்லியின் துணிபு. அவர் காலத்திலேயே, 1784-ல், இவ்வொழுங்கு சட்டப் பத்திரத்திலும் ஏறிற்று. இங்கிலாந்துத் திருச்சபையின் பட்டம் பெற்ற குருமார் நீங்கலாக, எந்தப் போதகரும் தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒரே ஆலயத்துக்கு நியமிக்கப்படலாகாது என்று அப்பத்திரம் விதித்தது.

மேய்ப்பன் அடிக்கடி மாறினால் மந்தை சிதறாதோ என வாசகர் ஐயுறலாம். அதற்கும் வெஸ்லி வழிவகுத்திருந்தார். 1742-ல் பிரிஸ்டல் ஆலயத்தின் கடனைத் தீர்ப்பதற்காக, ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுப்பது என்றும், பன்னிருவருக்கு ஒருவர் அதைச் சேர்ப்பது என்றும் முடிவாயிற்று. பணம் சேர்க்க வீடு வீடாகச் சென்றவர், வீட்டாரின் சுகதுக்கங்களையும் கேட்டறிந்தார். கடனுக்காகத் தொடங்கிய ஏற்பாடு, சிறு வகுப்புகளாகவும் அவற்றுக்குத் தலைவர்களாகவும் வளர்ந்தது. அத்தலைவர்கள் சம்பளம் பெறும் குருமாரல்லர். அவ்வூரிலேயே பிறந்து அவ்வூரிலேயே வாழும் தொழிலாளர், கடைக்காரர், குடும்பப் பெண்கள். போதகர் போவார், வருவார், இவர்கள் இருப்பர். அந்த இருப்போரின் பலத்தினாலேயே போவோர் போக முடிந்தது.

வீடில்லாத தலைவர்

இவ்வழக்கத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர் பிரான்சிஸ் அஸ்பரி. 1745-ல் இங்கிலாந்திற் பிறந்த இவர், 1771-ல் தம் இருபத்தாறாம் வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அன்று பெற்றோரிடம் விடைபெற்றவர் மீண்டும் அவர்களைக் கண்டாரல்லர். பணம் அனுப்பினார், கடிதம் அனுப்பினார், தாம் மட்டும் திரும்பவில்லை. மணஞ் செய்துகொள்ளவுமில்லை. ஆண்டின் பெரும்பகுதி தனித்திருக்கும்படி ஒரு பெண்ணை விடுவது தகாது என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. சொந்த வீடு என்று ஒன்று அவருக்கு இருந்ததே இல்லை. 1816-ல் அவர் இறந்தபோது, அவர் வந்த காலத்திற் சில நூறு பேராயிருந்த அமெரிக்க மெதடிஸ்தர் இரண்டு இலட்சத்துக்கு மேற் பெருகியிருந்தனர்.

அந்நாட்டில் வருடாந்த மாநாட்டின் இறுதியில் நியமனப் பட்டியல் வாசிக்கப்படும். தாம் அடுத்து எங்கே செல்வது என்பதைப் போதகர் அப்பொழுதுதான் அறிவார். பட்டியலைக் கேட்டபடியே குதிரையில் ஏறிப் போனவர் பலர். காலப்போக்கில் இக்கண்டிப்புத் தளர்ந்தது. 1804-ல் இரண்டு ஆண்டுகள் என்றிருந்த எல்லை, 1864-ல் மூன்றாகி, 1888-ல் ஐந்தாகி, 1900-ல் அறவே நீக்கப்பட்டது. இங்கிலாந்தில் இன்று முதல் நியமனம் வழக்கமாக ஐந்து ஆண்டுகளுக்கு. அங்கே மெதடிஸ்த ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி பிறக்கின்றது. ஆதலின் ஓகஸ்ட் மாதத்தில் நாடெங்கும் போதகர் வீடுகளின் வாசல்களில் சாமான் வண்டிகள் நிற்கும்.

நம் நாட்டுக்கு வந்தவர்கள்

இலங்கைக்கு மெதடிஸ்தம் வந்த கதையே பிரிவிலே தொடங்கிய கதை. 1813-ஆம் ஆண்டின் இறுதியில் தோமஸ் கோக் என்னும் முதியவர் ஒரு சிறு குழுவினருடன் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். வில்லியம் ஓல்ட் என்பவரின் மனைவியார் பயணத்திலேயே இறந்தார். 1814 மே மாதத்தில் கோக்கும் இந்து சமுத்திரத்தில் உயிர்நீத்தார். தலைவரைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சியோர் 1814 யூன் மாத இறுதியிற் காலியில் கரையிறங்கத் தொடங்கினர். அங்கே தம்முள் ஒன்றுகூடி இடங்களைப் பகிர்ந்துகொண்டனர். லிஞ்ச், ஸ்குவான்ஸ் இருவருக்கும் யாழ்ப்பாணம், ஓல்டுக்கு மட்டக்களப்பு, ஏர்ஸ்கின் மாத்தறைக்கு, கிளவ் காலியிலேயே. நம் நாட்டில் நிகழ்ந்த முதலாவது மெதடிஸ்த நியமனம் இது எனலாம். பல மாதங்கள் கடற்பயணத்தின் இன்பதுன்பங்களைப் பகிர்ந்தவர்கள், கரையேறிய சில நாட்களிலேயே திசைக்கொருவராய்ப் பிரிந்தார்கள்.

மனைவியை இழந்த ஓல்ட், தன்னந்தனியராய் மட்டக்களப்பை அடைந்தார். தமிழ் கற்றார், பாடசாலைகள் நிறுவினார். 1815 ஏப்பிரல் முதலாந் திகதி நோயினால் மரித்தார். அவர் அவ்வூரில் வாழ்ந்தது ஏறத்தாழ எட்டு மாதங்களே. எட்டு மாதங்களில் ஒருவர் ஓரூருக்கு என்ன செய்துவிட முடியும் என்று கேட்போர், அந்நகரின் மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் ஆண்டுக்கணக்கை 1814-லிருந்து எண்ணுவதைப் பார்க்கட்டும்.

நீண்டகாலம் தங்கியவரும் உளர். பீற்றர் பேர்சிவல் 1826-ல் யாழ்ப்பாணம் வந்தார். இடையிற் சில காலம் வங்காளத்துக்கு மாற்றப்பட்டு, மீண்டும் இங்கு வந்து, 1850-களின் தொடக்கம்வரை பணியாற்றினார். இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் வேம்படி மகளிர் பாடசாலையும் அவர் பெயரை மறவா. அவரிடம் மாணவராயிருந்து, பின் அப்பாடசாலையிலே ஆசிரியருமாகி, விவிலிய மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணைநின்றவர் நல்லூர் ஆறுமுக நாவலர் என்பதைச் சைவ மக்கள் நன்கறிவர். நாவலர் 1848-ல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, மிஷன் கல்விக்கு எதிரே சைவக் கல்வியை எழுப்பினார். எம்மைப் போன்ற இந்துக் கல்லூரி ஆசிரியர்கள் இன்று உண்ணும் சோறு அந்த உலையில் வெந்தது.

பேர்சிவல் பின்னர்ச் சென்னைக்குச் சென்று, வெஸ்லியன் மிஷனையும் விட்டு, மாநிலக் கல்லூரிப் பேராசிரியரானார்; 1855-ல் ‘தினவர்த்தமானி’ பத்திரிகையைத் தொடங்கினார். அப்பத்திரிகைக்கு ஆசிரியராக அவர் அழைத்தது யாரை? யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளையை. யாழ்ப்பாணத்தை அவர் விட்டுப் போனார். யாழ்ப்பாணம் அவரை விட்டுப் போகவில்லை. கொள்கையால் வேறுபட்டோரிடையேயும் ஓர் ஊர் முடிச்சுப் போட்டுவிடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பெட்டிகளுக்குள் அடங்கும் குடும்பம்

போதகரின் பெருமையைப் பேசுவோர் பலர். அவர் பின்னே பெட்டி கட்டும் மனைவியையும் பள்ளி மாறும் பிள்ளைகளையும் நினைப்போர் சிலரே. மிஷன் வீடு சபையின் சொத்து. போதகர் அம்மா நட்ட வாழை குலைதள்ளும்போது, அதனை வெட்டுகிறவர் அடுத்த போதகர் அம்மா. சுவரிற் பிள்ளையின் உயரத்தைக் கோடிட்டு வைத்த தாய், அச்சுவரைக் கழற்றி லொறியில் ஏற்ற முடியாது.

பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். இது வெஸ்லி காலத்திலேயே உணரப்பட்டது. அவர் 1748-ல் பிரிஸ்டல் நகருக்கு அருகே நிறுவிய கிங்ஸ்வூட் பாடசாலை, பிற்காலத்தில் ஊர்மாறும் போதகரின் புதல்வர்களுக்கென்றே நடத்தப்பட்டது. ஓரிடம் போதாமையால் 1812-ல் யோர்க்‌ஷயர் பகுதியில் வுட்ஹவுஸ் குரோவ் என்னும் வேறொரு பாடசாலையும் தொடங்கினர். தந்தையின் வீடு ஆண்டுதோறும் மாறினாலும் மகனின் வாங்கு மாறாதிருக்கட்டும் என்பதே கருத்து. ஆனால் வாங்கு மாறாதிருப்பதற்கு விலை, வீட்டை விட்டுப் பிரிந்திருப்பது. எப்படிப் பார்த்தாலும் ஒரு பிரிவு உண்டு. எதைப் பிரிவது என்பதுதான் கேள்வி.

இக்காலத்தில் வேறு சிக்கல்களும் எழுந்துள்ளன. இங்கிலாந்து மெதடிஸ்த திருச்சபையில் 1974 முதற் பெண்களும் குருத்துவப் பட்டம் பெறுகின்றனர். மனைவி போதகராயின் கணவன் தன் உத்தியோகத்தை விட்டுப் பின்செல்வதோ? கணவன் போதகராயின், ஆசிரியையோ தாதியோ ஆகிய மனைவி இடமாற்றத்துக்கு எத்தனை காரியாலயங்களின் வாசலில் நிற்பதோ? குதிரையும் தோற்பையும் மட்டும் கொண்டு புறப்பட்ட காலத்து ஒழுங்கைக் குடும்பங்கள்மேற் சுமத்துவது எளிதன்று.

நம் சமயத்துக்கும் இவ்வழக்கம் முற்றிலும் அந்நியமானதன்று. துறவி ஓரிடத்தில் நிலைத்திருக்கலாகாது. இருந்தால் பற்று உண்டாகும் என்று நம் முன்னோர் கருதினர். தேவார முதலிகளும் தலந்தோறும் நடந்தவர்களே. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. நம் துறவி பற்று உண்டாகாதிருக்கப் புறப்படுகிறார். மெதடிஸ்த போதகரோ, போகும் ஊரிலெல்லாம் பற்று வைக்க வேண்டும். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து, நோயாளியின் கட்டிலருகே இருந்து, இறந்தவரை அடக்கஞ் செய்து, அவ்வூரின் ஒருவராகவே ஆகவேண்டும். ஆகிய பின்னர் எழுந்து போகவேண்டும். இரண்டிலும் எது கடினம் என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

எழுதப்படாத கடிதம்

இனி எம் சொந்தக் கதைக்கு வருவோம். 1995-ல் எமக்குப் பதினான்கு வயது. அவ்வாண்டு ஒக்டோபர் 30-ஆந் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. மழை, இருட்டு, நாவற்குழி வழியே அங்குலம் அங்குலமாக நகர்ந்த சனசமுத்திரம். நடக்க இயலாத எம் பாட்டியாரைத் தம் சைக்கிள் கரியரில் இருத்தி, விடியும்வரை உருட்டிக்கொண்டு வந்தவர் அயல் வீட்டுப் போதகர் ஐயா. தென்மராட்சியில் ஓர் ஆலய மண்டபத்தில் எமக்கு இடம் பிடித்துத் தந்தவரும் அவரே. பாட்டியார் ஆசாரம் மிக்கவர். பிறர் சட்டியில் சமைத்ததை உண்ணார். அதை அறிந்து, அவ்வளவு நெருக்கடியிலும் எங்கோ தேடி ஒரு புதுச் சட்டி வாங்கி வந்து, மண்டபத்துக்கு வெளியே தனியாக மூன்று கல் வைத்துக் கொடுத்தார். அப்புதுச் சட்டியை நாம் இன்றுவரை மறந்திலோம்.

1998-ல் அவருக்குக் கிழக்கு மாகாணத்துக்கு மாற்றம் வந்தது. லொறி வந்தது, பெட்டிகள் ஏறின. “போய் எழுதுங்கோ ஐயா” என்றோம். அவர் சிரித்தார், எழுதுவதாகச் சொல்லவில்லை. நாம் மூன்று கடிதங்கள் அனுப்பினோம். முதற் கடிதத்துக்கு நான்கு வரியில் ஒரு பதில் வந்தது. அடுத்தவற்றுக்கு வரவில்லை. பாதை மூடிய காலம்; கடிதம் தவறியிருக்கலாம் என்று தந்தையார் சொன்னார். நாமோ பதினேழு வயதின் கோபத்துடன், ‘போனவர் போனதுதான், இவர்களுக்கு ஊர் என்பது ஒரு சத்திரம்’ என முடிவு கட்டினோம்.

அக்கோபத்தை யார்மீது தீர்த்தோம் என்பதுதான் வெட்கத்துக்குரியது. புதிதாக வந்த போதகர் இளைஞர், கூச்ச சுபாவமுடையவர். அவர் பொட்டடியில் நின்று “தம்பி” என்று அழைத்தால், கேளாதவர் போல உள்ளே போய்விடுவோம். முன்னவரைப் போல இவர் பேசத் தெரியாதவர் என்று தந்தையாரிடம் குறைகூறினோம். “வந்த மனிசன் என்ன பிழை செய்தார்?” என்று தந்தையார் ஒருமுறை கேட்டார். எம்மிடம் விடை இருக்கவில்லை.

2011-ல் எம் தந்தையார் காலமானார். அந்தியேட்டிக்குச் சில நாட்கள் முன்னதாக, வெள்ளைத் தலையுடன் ஒரு முதியவர் மிஷன் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உட்செல்வதை நாம் கண்டோம். கால் மணிநேரத்தின் பின்னர், அப்போதைய போதகர் அவரை அழைத்துக்கொண்டு எம் வீட்டுக்கு வந்தார். பழைய போதகர் ஐயாவேதான். பணியினின்று ஓய்வு பெற்றுவிட்டார். இரவு முழுவதும் பஸ்ஸில் இருந்து வந்திருந்தார். எம் அன்னையாரின் முன்னே நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் ஒவ்வொன்றாக விசாரித்தார். பாட்டியார் எந்த ஆண்டில் இறந்தார் என்பதை அவர் அறிந்திருந்தார். நாம் பட்டம் பெற்றதையும், எந்தப் பாடம் கற்பிக்கிறோம் என்பதையும் அறிந்திருந்தார். கிணற்றடிச் சம்பு மரம் செல் விழுந்து பட்டுப்போனதையும் அறிந்திருந்தார்.

எப்படித் தெரியும் என்று வியப்புடன் கேட்டோம். நாம் அலட்சியம் செய்த அந்தக் கூச்சம் மிக்க இளைஞரும், அவருக்குப் பின் வந்தவர்களும் சந்திக்கும் போதெல்லாம் சொல்லி வந்தார்களாம்.

“அப்படியென்றால் ஏன் ஐயா எங்களுக்கு எழுதவில்லை?” என்றோம். பதின்மூன்று ஆண்டுகளாக உள்ளே கிடந்த கேள்வி அது.

அவர் சற்று யோசித்துச் சொன்னார்: “தம்பி, நான் எழுதிக்கொண்டிருந்தால் நீர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பீர். பக்கத்தில் வந்தவர் எப்படி உமக்கு அயலவர் ஆவது? போனவன் வாசலில் நின்றால் வந்தவன் உள்ளே வர ஏலாது. எழுதாமல் இருந்தது எனக்குச் சுகமாக இருந்தது என்று மட்டும் நினையாதேயும்.”

எம் வீட்டுக்கு வருமுன் அவர் மிஷன் வீட்டுக்குச் சென்றதன் பொருளும் அப்போதுதான் விளங்கிற்று. நாம் அச்சபையைச் சேர்ந்தவர்களல்லர். ஆயினும் அவ்வூரின் போதகர் இப்போது வேறொருவர். அவரைக் கேளாமல் அயல்வீட்டுத் துக்கத்துக்குக்கூட வருதல் முறையன்று என்று அம்முதியவர் எண்ணியிருந்தார்.

நெடுங்காலம் ஓரூரிலிருந்து மாறிப்போகும் எவர்க்கும், ஆசிரியரோ, வைத்தியரோ, கிராம சேவகரோ, இது பொருந்தும். தமக்குப் பின் வருபவருக்கு இடம் விட்டுப் போவது, தாம் இருந்தபோது செய்த எப்பணியிலும் குறைந்ததன்று. அங்ஙனம் இடம்விட்ட பின்னரும் ஊரை உள்ளத்திலிருந்து இறக்கிவிடாமற் சுமப்பது வேறொரு பணி. அதை எவரும் காண்பதில்லை.

மனத்தாங்கல் தீர்ந்ததா என்று முன்னே ஒரு கேள்வியை நிறுத்தி வைத்தோம். அம்முதியவர்மீது இருந்தது அன்றே தீர்ந்தது. கூச்ச சுபாவமுள்ள அந்த இளம் போதகருக்கு நாம் இழைத்தது மட்டும் தீரவில்லை. அவர் எம் அயலில் வாழ்ந்த காலத்தில் ஒருநாளும் அவருடன் இருந்து பேசினோமில்லை. அவரும் எப்போதோ மாறிச் சென்றுவிட்டார்.

கிடுகு வேலி போய் இன்று மதில் வந்துவிட்டது, பொட்டு இல்லை. அண்மையில் ஒருநாள் மாலை, மிஷன் வீட்டு வாசலில் மீண்டும் லொறியின் சத்தம் கேட்டது. புதிய போதகர், அவர் மனைவி, கையில் ஒரு பூனைக்குட்டியுடன் ஒரு சிறுமி. நாம் எம் மகனை அழைத்து, தேநீர்ச் செம்பை அவன் கையிற் கொடுத்தோம். மதிலைச் சுற்றித் தெருவழியே போகச் சற்றுத் தூரந்தான். நாமும் கூடவே போனோம்.